மெயில்ல வைரஸ்னு சந்தேகமா? பார்மட் பண்றதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க

எங்க தெருவுல ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. அவங்க ஜிமெயில்ல இருந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் "அவசரமா ஒரு உதவி வேணும், போன் பேச முடியல, மெயில்லயே பதில் போடுங்க"ன்னு போயிருக்கு. கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏறிடுச்சுன்னு யாரோ சொல்ல, ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயி பார்மட் பண்ணிட்டு வந்துட்டாங்க, 600 ரூபா. டி டிரைவையும் சேர்த்து அழிச்சிருக்காங்க, அதுலதான் பொண்ணு கல்யாண போட்டோவும் வீட்டுக்காரர் இருந்தப்ப எடுத்த வீடியோவும் இருந்துச்சு. ரெண்டே நாள்ல அதே மெயில் மறுபடியும் எல்லாருக்கும் போச்சு. ஏன்னா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல, பாஸ்வேர்ட்தான் வெளிய போயிருந்துச்சு.

பிரவுசிங் சென்டர்ல எட்டு வருஷம் இருந்தேன், இப்பவும் டிவிஎஸ் எக்ஸெல்ல சிபியூவ கால் இடுக்குல வச்சுக்கிட்டு யாராவது வீட்டுக்கு வந்துடுவாங்க. "மெயில் வைரஸ்"னு சொல்லி வர்றதுல கோளாறு மூணு இடத்துல ஒண்ணுல இருக்கும்: மெயில் அக்கவுன்ட்ல, பிரவுசர்ல, இல்ல நிஜமாவே விண்டோஸ்ல. எந்த இடம்னு தெரியாம கை வச்சா போட்டோ போகும், கோளாறு அப்படியே இருக்கும். அதனால உங்களுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, அதுக்கு முன்னாடி இந்த நாலு விஷயம் மட்டும் எல்லாருக்கும் பொது.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி

சந்தேகமான ஃபைல் எதையாவது திறந்திருந்தா நெட்டை கட் பண்ணுங்க, வைஃபை ஆஃப் பண்ணாலும் சரி, கேபிளைப் பிடுங்கினாலும் சரி.

அந்த கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்ட் மாத்தாதீங்க. பயத்துல எல்லாரும் முதல்ல செய்யறதே இதுதான், ஆனா உள்ள கீ அடிக்கிறதைப் பார்க்கிற ப்ரோக்ராம் ஏதாவது இருந்தா புது பாஸ்வேர்டும் அப்படியே போயிடும். போன்ல, மொபைல் டேட்டாவுல மாத்துங்க.

வங்கி, யூபிஐ, இன்கம்டாக்ஸ் சைட் எதையும் சரியாகற வரைக்கும் அதுல திறக்காதீங்க.

காசு போயிருந்தா மேல படிக்க வேண்டாம், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, அடுத்த கால் உங்க வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அந்த அளவுக்குப் பணத்தை நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அப்புறமா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல புகாரை ஏத்துங்க.

அறிகுறி 1: "உங்ககிட்டருந்து ஒரு மாதிரி மெயில் வந்துச்சே"ன்னு மத்தவங்க சொல்றாங்க

சொன்னவங்ககிட்ட ஸ்கிரீன்ஷாட் கேளுங்க, பேரு மட்டும் தெரிஞ்சா பத்தாது, அனுப்பின முகவரி முழுசா தெரியணும்.

*பேரு உங்களுது, முகவரி வேற யாரோடதோ:* உங்க பேரைப் போட்டு எவனோ அனுப்பியிருக்கான். உங்களைத் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் கான்டாக்ட் லிஸ்ட் திருடு போயிருக்கும். உங்க பக்கம் சரி பண்ண ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு உஷார் பண்ணிட்டு விட்டுடுங்க.

*முகவரியும் உங்களுது, ஆனா சென்ட் ஃபோல்டர்ல அந்த மெயில் இல்ல:* இது ரெண்டு விதமா இருக்கலாம். அனுப்புனர் இடத்துல உங்க முகவரியை எழுதி வெளிய இருந்து அனுப்பியிருக்கலாம், போஸ்ட் கவர்ல பின்பக்கம் யார் பேரை வேணா எழுதலாம்ல, அந்த மாதிரி. இல்ல, உங்க அக்கவுன்ட்ல இருந்தே அனுப்பிட்டு சென்ட்ல இருந்து அழிச்சிருக்கலாம். எதுன்னு கண்டுபிடிக்க, மெயில் வந்தவங்களைக் கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து அந்த மெயிலோட மூணு புள்ளியில "ஷோ ஒரிஜினல்" அமுக்கச் சொல்லுங்க. மேல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு வரி வரும், அனுப்பின முகவரி நிஜமா போலியான்னு பார்க்கிற சோதனைங்க அது. டிமார்க் ஃபெயில்னு இருந்தா முகவரியைப் போலியா போட்டிருக்காங்க. மூணும் பாஸ்னா நிஜமாவே உங்க அக்கவுன்ட்ல இருந்துதான் போயிருக்கு.

*சென்ட்லயே இருக்கு, இல்ல மூணும் பாஸ்:* அக்கவுன்ட் வேற ஒருத்தன் கையில இருக்கு. போன்ல இருந்து பாஸ்வேர்ட் மாத்துங்க. கூகுள் அக்கவுன்ட்ல "செக்யூரிட்டி"க்குள்ள "யுவர் டிவைசஸ்" இருக்கும், அங்க தெரியாத டிவைஸ் எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க. ரிகவரி போன் நம்பரும் ரிகவரி மெயிலும் உங்களுது தானான்னு ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணுங்க. சம்பந்தமே இல்லாத ஆப் எதுக்காவது அக்கவுன்ட்ல அனுமதி கொடுத்திருந்தா அதையும் எடுத்துடுங்க.

இதோட நிறுத்திடறவங்கதான் ஜாஸ்தி, ஆனா முக்கியமான வேலை இதுக்கு அப்புறம்தான் இருக்கு. ஜிமெயிலைப் பிரவுசர்ல திறந்து செட்டிங்ஸ், "சீ ஆல் செட்டிங்ஸ்" போங்க, போன் ஆப்ல இது முழுசா வராது, வேற யாராவது கம்ப்யூட்டர்ல பாருங்க. "ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்", "ஃபார்வர்டிங் அண்ட் பாப் ஐமேப்", "அக்கவுன்ட்ஸ் அண்ட் இம்போர்ட்" மூணையும் திறந்து பாருங்க. டீச்சரம்மா அக்கவுன்ட்ல ஃபில்டர் பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு, வர்ற பதில் எல்லாத்தையும் வேற ஒரு முகவரிக்கு அனுப்பிட்டு "டெலீட் இட்"னு. அந்த முகவரி அவங்களோடது மாதிரியே இருந்துச்சு, நடுவுல ஒரே ஒரு எழுத்து கூடுதல், அவங்க ரெண்டு தடவை பார்த்தும் கண்ணுல படல, நான் ஸ்கிரீன்ல விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தா காட்டின அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. சொந்தக்காரங்க "என்னாச்சு"ன்னு போட்ட பதில் ஒண்ணு கூட அவங்களுக்கு வராததுக்குக் காரணம் அந்த வரிதான். பாஸ்வேர்ட் மாத்தினாலும் ஃபில்டர் போகாது, நீங்கதான் அழிக்கணும்.

இன்னொண்ணு, ஜிமெயில் பக்கத்தோட வலது கீழ் ஓரத்துல "டீட்டெயில்ஸ்"னு சின்னதா ஒரு லிங்க் இருக்கும், கடைசியா எங்கெங்க இருந்து திறந்திருக்காங்கன்னு அதுல தெரியும். அதுல சென்னை, பெங்களூருன்னு காட்டினா பதறாதீங்க, நீங்க திண்டுக்கல்ல இருந்தாலும் நெட் கம்பெனியோட ஊரைத்தான் பல நேரம் காட்டும். வெளிநாடு, நீங்க தூங்கின நேரம், இதைத்தான் கவனிக்கணும்.

*ஆள் எப்ப வேணும்:* ரிகவரி நம்பரையே மாத்தி உங்களை வெளிய தள்ளிட்டாங்கன்னா, கூகுளோட அக்கவுன்ட் ரிகவரி பக்கம் மட்டும்தான் வழி. ஏற்கனவே அந்த அக்கவுன்ட் லாகின் ஆகியிருந்த போன்ல, வீட்டு வைஃபையில இருந்து முயற்சி பண்ணுங்க, பழக்கமான டிவைஸ், பழக்கமான இடம்னா வாய்ப்பு அதிகம். "நான் மீட்டுத் தர்றேன், 3000 கொடுங்க"ன்னு சொல்ற யாரையும் நம்பாதீங்க, கூகுள் தவிர வேற யாராலயும் அதைச் செய்ய முடியாது.

அறிகுறி 2: "மெயிலர் டீமன்"னு நூத்துக்கணக்குல திரும்பி வருது

நீங்க அனுப்பாத மெயில் "டெலிவர் ஆகல"ன்னு திரும்பி வருதுன்னா, அறிகுறி 1ல சொன்ன அதே பார்வைதான். சென்ட்ல இல்லைன்னா அநேகமா உங்க முகவரியைப் போலியா போட்டு யாரோ கூட்டமா அனுப்பறாங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும். சென்ட்ல இருந்தாலோ, இல்ல "இன்னைக்கு அனுப்புற அளவு முடிஞ்சுது"ன்னு ஜிமெயிலே சொன்னாலோ அக்கவுன்ட் போயிருக்கு, மேல சொன்னதெல்லாம் செய்யுங்க. அந்தத் திரும்பி வந்த மெயில்ல இருக்கிற அட்டாச்மென்ட்டை மட்டும் "என்னதான் போயிருக்குன்னு பாப்போம்"னு திறக்காதீங்க.

அறிகுறி 3: "உன் கேமராவுல உன்னைப் படம் புடிச்சுட்டேன், பிட்காயின் அனுப்பு"

இந்த மெயிலைக் காட்ட வர்றவங்க முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும், அதுவும் காலேஜ் பசங்க. தயவு செஞ்சு முதல்ல இதைக் கேளுங்க, இதே மெயில் ஒரு எழுத்து மாறாம லட்சக்கணக்கான பேருக்குப் போகுது, அவன்கிட்ட ஒரு படமும் இல்ல.

அதுல உங்க பாஸ்வேர்ட் சரியா எழுதியிருக்கா? அது எப்பவோ ஒரு வெப்சைட்ல இருந்து திருடு போன லிஸ்ட்ல இருந்து எடுத்தது. ஹேவ் ஐ பீன் போன்ட்ங்கிற சைட்ல உங்க மெயில் முகவரியைப் போட்டா எந்தெந்தத் திருட்டுல அது மாட்டியிருக்குன்னு காட்டும், ஆஸ்திரேலியாக்காரர் ட்ராய் ஹன்ட் 2013ல ஆரம்பிச்சது, நம்பலாம். அந்த பாஸ்வேர்டை இன்னும் எங்கயாவது வச்சிருந்தா இன்னைக்கே மாத்துங்க. மெயில் உங்க முகவரியில இருந்தே வந்த மாதிரி இருந்தாலும் அது போலிதான், ஷோ ஒரிஜினல்ல பாருங்க.

பதில் போடாதீங்க, காசு அனுப்பாதீங்க. நிஜமாவே உங்க படம் ஒண்ணு அதுல இருந்தா அது வேற கதை, அழிக்காம அப்படியே வச்சு சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்க. பசங்க இதை வீட்டுல சொல்லப் பயப்படுவாங்க, அதனால பெரியவங்க யாராவது இதைப் படிச்சா திட்டாம கூடப் போங்க.

அறிகுறி 4: "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்"னு ஓரத்துல வந்துக்கிட்டே இருக்கு

பத்துல ஏழு சிஸ்டம் என்கிட்ட இதுக்குத்தான் வருது, சரி பண்ண ரெண்டு நிமிஷம்.

வலது கீழ் ஓரத்துல வர்ற அந்தப் பெட்டியைக் கூர்ந்து பாருங்க. மேல பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனி படம் இருக்கும், சிவப்பு ஆச்சரியக்குறி இருக்கும், ஆனா சாம்பல் கலர்ல சின்ன எழுத்துல குரோம்னோ எட்ஜ்னோ போட்டு பக்கத்துல வாயில நுழையாத ஒரு வெப்சைட் பேரு இருக்கும். அப்படி இருந்தா அது வைரஸ் இல்ல, எப்பவோ ஒரு படம் டவுன்லோட் பண்ற சைட்டுல "அலவ்" அமுக்கினதால வர்ற நோட்டிஃபிகேஷன். குரோம்ல செட்டிங்ஸ், "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", "சைட் செட்டிங்ஸ்", "நோட்டிஃபிகேஷன்ஸ்" போயி, அலவ் லிஸ்ட்ல தெரியாததை எல்லாம் ரிமூவ் பண்ணுங்க. எட்ஜ்லயும் கிட்டத்தட்ட இதே பேர்தான்.

*அப்புறமும் வருதா:* எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டைப் பாருங்க. பிடிஎஃப் கன்வர்ட்டர், கூப்பன், சர்ச்சுன்னு நீங்க போட்ட ஞாபகமே இல்லாதது இருந்தா எடுங்க. அதுக்கும் அடங்கலைன்னா விண்டோஸ் செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" திறந்து தேதி வாரியா அடுக்கி, தொல்லை ஆரம்பிச்ச நாள்ல என்ன ஏறியிருக்குன்னு பாருங்க. கடைசியா மால்வேர்பைட்ஸோட ஆட்வ்கிளீனர், இலவசம், ஒரு தடவை ஓட்டுங்க.

*ஸ்கிரீன் முழுக்க அடைச்சுக்கிட்டு சைரன் சத்தத்தோட "இந்த நம்பருக்குக் கூப்பிடு"ன்னு நிக்குதா:* அது வெறும் வெப்பேஜ். எஸ்கேப் கீயை அமுக்கிப் பிடிங்க, ஆல்ட் எஃப்4 அடிங்க, இல்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை "எண்ட் டாஸ்க்" பண்ணுங்க. திரும்பத் திறக்கும்போது "பழைய டேப் வேணுமா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க.

*கூப்பிட்டுட்டீங்க, அவன் சொன்ன ரிமோட் ஆப்பையும் போட்டுட்டீங்க:* நெட்டைப் பிடுங்குங்க, வங்கிக்கும் 1930க்கும் போன் பண்ணுங்க, அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அப்புறம் அறிகுறி 5ல கடைசியா இருக்கிற "டபுள் கிளிக்" பகுதிக்குப் போங்க. உள்ள அவன் என்ன வச்சுட்டுப் போனான்னு உங்களுக்குத் தெரியாது.

அறிகுறி 5: அட்டாச்மென்ட்டையோ லிங்க்கையோ அமுக்கிட்டேன்

இங்கதான் நிஜமான ஆபத்து இருக்கு. என்ன நடந்துச்சுங்கிறதை வச்சுதான் எவ்வளவு பயப்படணும்னு சொல்ல முடியும், அதனால ஞாபகப்படுத்திப் பாருங்க.

*மெயிலை மட்டும் திறந்து படிச்சேன்:* ஜிமெயிலைப் பிரவுசர்ல படிச்சதுக்கு மட்டும் வைரஸ் ஏறுறது ரொம்ப ரொம்ப அரிது. ஸ்பேம்னு ரிப்போர்ட் பண்ணிட்டு விடுங்க.

*ஃபைல் டவுன்லோட் ஆச்சு, திறக்கல:* ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ, ஷோ, "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் பண்ணிட்டு அந்த ஃபைலைப் பாருங்க. விண்டோஸ் கடைசி வாலை மறைச்சு வைக்கும், அதனால "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ"ங்கிறது உங்களுக்கு வெறும் இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்னு தெரியும். 2000 மே மாசம் உலகத்தையே ஆட்டின ஐ லவ் யூ வைரஸ் பண்ணினதும் இதே தந்திரம்தான், லவ் லெட்டர் டெக்ஸ்ட் ஃபைல்னு நினைச்சு எல்லாரும் திறந்தது உண்மையில விபிஎஸ் ஸ்கிரிப்ட். அன்னைக்கு மறைச்ச வாலை விண்டோஸ் இன்னைக்கும் மறைச்சுதான் வைக்குது, அதனால இந்த டிக்கை இன்னைக்கே போட்டுடுங்க. வால் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே, ஐஎஸ்ஓன்னு இருந்தா ஷிஃப்ட் டெலீட். பாஸ்வேர்ட் போட்ட ஜிப், பாஸ்வேர்டும் அதே மெயில்லயே இருக்குன்னாலும் டெலீட், ஜிமெயில் உள்ள ஸ்கேன் பண்ண முடியக்கூடாதுன்னுதான் திருடன் அப்படிப் பூட்டி அனுப்பறான்.

நிஜமா வேண்டிய ஃபைலோன்னு சந்தேகமா இருந்தா வைரஸ்டோட்டல் சைட்ல ஏத்திப் பாருங்க, ஒரே நேரத்துல பல டஜன் ஆன்டிவைரஸ் பார்த்துச் சொல்லும். ஆதார், பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி சொந்த விஷயத்தை மட்டும் அங்க ஏத்தாதீங்க, மத்தவங்களும் எடுத்துப் பார்க்க வழி இருக்கு.

*வேர்ட், எக்செல் ஃபைலைத் திறந்தேன்:* மேல மஞ்சள் பட்டையில "எனேபிள் கன்டென்ட்" கேட்டுச்சா, அமுக்கினீங்களா? அமுக்கலைன்னா ஒரு குயிக் ஸ்கேன் போதும். நெட்டுல இருந்து வந்த ஃபைல்ல மேக்ரோவை, அதாவது ஃபைலுக்குள்ள இருக்கிற குட்டி ப்ரோக்ராமை, 2022ல இருந்து ஆஃபீஸே தடுத்து வைக்குது, ஆனா பழைய ஆஃபீஸ் 2010, 2013 வச்சிருக்கிறவங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. அமுக்கியிருந்தா கீழ டபுள் கிளிக் பகுதி.

*லிங்க்ல போயி பாஸ்வேர்ட் அடிச்சேன்:* ரீஃபண்ட் வந்திருக்கு, இ-பான் டவுன்லோட் பண்ணு, பார்சல் நிக்குது, மெயில்பாக்ஸ் ஃபுல், இப்படித்தான் வரும், எச்டிஎம்எல் ஃபைலை அட்டாச்மென்ட்டாவே அனுப்பி அதுக்குள்ள லாகின் பக்கம் மாதிரி காட்டறதும் உண்டு. இது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல, ஸ்கேன் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. போனை எடுத்து அந்த பாஸ்வேர்டை மாத்துங்க, அதே பாஸ்வேர்ட் வேற எங்க இருக்கோ அங்கயும் மாத்துங்க. கார்டு நம்பர், ஓடிபி கொடுத்திருந்தா வங்கி, 1930.

*"நான் ரோபோ இல்ல"ன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆரும் அமுக்கச் சொன்னுச்சு:* அப்புறம் கன்ட்ரோல் வி, என்டர். இந்த மூணையும் செஞ்சிருந்தா உங்க கையாலயே அவன் கட்டளையை ஓட்டிட்டீங்க, எந்த கேப்சாவும் இப்படிக் கேக்காது. நேரா அடுத்ததுக்குப் போங்க.

*டபுள் கிளிக் பண்ணேன், ஒண்ணுமே வரல:* "ஒண்ணுமே வரல அண்ணே, அதான் விட்டுட்டேன்"னு சொல்றவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும். ஒண்ணும் வரலைன்னா பின்னாடி வேலை நடந்துடுச்சுன்னு வச்சுக்கங்க. இப்ப நிறைய வர்றது பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டையும், குக்கியையும் (லாகின் ஆகியே இருக்கிறதுக்கு பிரவுசர் வச்சிருக்கிற அடையாளச் சீட்டு மாதிரி) வழிச்சு எடுத்துட்டுப் போற ரகம், சில நிமிஷத்துல வேலையை முடிச்சு தன்னைத் தானே அழிச்சுக்கிட்டும் போயிடும். அதனால ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும் கீழ இருக்கிற ரெண்டு வேலையும் செய்யணும்.

முதல் வேலை போன்ல. மெயில், வங்கி, ஃபேஸ்புக், வேற எது பிரவுசர்ல சேவ் ஆகியிருந்துச்சோ எல்லா பாஸ்வேர்டும் மாத்தி, ஒவ்வொண்ணுலயும் "எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட்" அமுக்குங்க. குக்கி அவன் கையில இருந்தா பாஸ்வேர்டே இல்லாம உள்ள இருப்பான், சைன் அவுட்தான் அவனை வெளிய தள்ளும்.

ரெண்டாவது வேலை கம்ப்யூட்டர்ல. "விண்டோஸ் செக்யூரிட்டி" திறந்து "வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடக்ஷன்", அதுல "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்". நெட்டைக் கொஞ்ச நேரம் கொடுத்து அப்டேட் பண்ணிக்கங்க. முதல்ல ஃபுல் ஸ்கேன், பழைய ஹார்டு டிஸ்க்னா நாலஞ்சு மணி நேரம் கூட ஆகும், ராத்திரி போட்டுட்டுப் படுங்க. அப்புறம் அதே பக்கத்துல "ஆஃப்லைன் ஸ்கேன்". திறந்திருக்கிறதை எல்லாம் சேவ் பண்ணிட்டு அமுக்குங்க, சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு கால் மணி நேரம் தேடும். விண்டோஸுக்குள்ள ஒளிஞ்சு ஸ்கேனரையே ஏமாத்தறதெல்லாம் இதுல மாட்டும், வீட்டுல இலவசமா கிடைக்கிறதுல இதை விட நல்ல ஆயுதம் நான் பார்க்கல. என்ன மாட்டுச்சுன்னு "ப்ரொடக்ஷன் ஹிஸ்டரி"யில இருக்கும், போட்டோ எடுத்து வச்சுக்கங்க. இன்னொருத்தர் கருத்தும் வேணும்னா மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், இல்ல மால்வேர்பைட்ஸ் இலவச வெர்ஷன். சேஃப்டி ஸ்கேனர் டவுன்லோட் பண்ணி 10 நாள்தான் செல்லும், பழசை பென்டிரைவ்ல வச்சு ஓட்டாதீங்க.

*ஆள் எப்ப வேணும்:* ஆஃப்லைன் ஸ்கேன்ல மாட்டினது மறுநாளும் திரும்பி வருது, ரெண்டாவது தடவையும் வருதுன்னா துரத்திக்கிட்டு இருக்காதீங்க. போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எடுத்து வச்சுட்டு விண்டோஸைப் புதுசா போடறதுதான் சரி. இந்த இடத்துக்கு வந்த அப்புறம் பண்ற பார்மட்டுல அர்த்தம் இருக்கு. ஆபீஸ்ல கொடுத்த லேப்டாப்னா நீங்க ஒண்ணும் செய்யாதீங்க, நெட்டை கட் பண்ணிட்டு ஐடி ஆளுக்கு உடனே சொல்லுங்க, மறைக்காதீங்க.

அறிகுறி 6: அந்த மெயிலுக்கு அப்புறம் சிஸ்டம் ஆமை மாதிரி போகுது

பெரும்பாலும் மெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது. டாஸ்க் மேனேஜர் திறந்து டிஸ்க்னு இருக்கிற வரிசையைப் பாருங்க, ஒண்ணும் செய்யாதப்பவே 100 சதவீதத்துல நின்னா பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம், இல்ல அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க. அடுத்து ஸ்டார்ட்அப் பக்கத்துல தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்க, சி டிரைவ் சிவப்பா இருந்தா காலி பண்ணுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச ப்ரோக்ராம், அதுல "காஷன்"னு மஞ்சளா வந்தா மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு போட்டோவை வெளிய எடுங்க, டிஸ்க் சாகப் போகுது. எஸ்எஸ்டி மாத்தினா அதே பழைய சிஸ்டம் வேற ஆளா ஆயிடும்.

தெரியாத ஒரு ப்ரோக்ராம் சிபியூவை விடாம தின்னுக்கிட்டே இருந்தா, அதுவும் டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்கி மூடினதும் ஃபேன் மறுபடி கத்துச்சுன்னா, அது சந்தேகப்பட வேண்டியது, ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்க.

அறிகுறி 7: டிஃபெண்டர் (விண்டோஸோடயே வர்ற ஆன்டிவைரஸ்) ஆஃப் ஆகியிருக்கு, ஆன் ஆக மாட்டேங்குது

முதல் காரணம், லேப்டாப்போட வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ். காலம் முடிஞ்சு அது சும்மா உக்காந்திருக்கும், அது இருக்கறதால டிஃபெண்டரும் ஒதுங்கி நிக்கும், ரெண்டு பேரும் காவலுக்கு இல்லாத வீடு. அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணா டிஃபெண்டர் பெரும்பாலும் தானா எழுந்துடும்.

ரெண்டாவது, கிராக் விண்டோஸ். ஆக்டிவேட்டர் ஓட்டறதுக்காக டிஃபெண்டரை அணைச்சு, "எக்ஸ்க்ளூஷன்ஸ்"ல ஒரு ஃபோல்டரையோ மொத்த சி டிரைவையோ போட்டு வச்சிருப்பாங்க. "வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடக்ஷன்" பக்கத்துல "மேனேஜ் செட்டிங்ஸ்" உள்ள கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கேன் பண்ணாம விட்டுடச் சொல்ற லிஸ்ட்) இருக்கும், அங்க என்ன இருந்தாலும் நீங்க போடாததுன்னா எடுங்க. நான் ஒரு வீட்டுல திறந்து பார்த்தப்ப வெறும் "சி"ன்னு ஒரு வரி இருந்துச்சு, ரெண்டு வருஷமா அந்த வீட்டுல தினமும் ஸ்கேன் ஓடியிருக்கு, சி டிரைவ் பக்கம் மட்டும் எட்டியே பார்க்கல. வைரஸும் இதே இடத்துல தன் பேரை எழுதி வச்சுக்கும்.

மூணாவது, ரெண்டும் இல்லாம ஆன் பண்ணப் பண்ண ஆஃப் ஆகுதுன்னா உள்ள ஆள் இருக்கான். ஆஃப்லைன் ஸ்கேன், அடுத்து புது விண்டோஸ். விண்டோஸ் 10 வச்சிருக்கிறவங்க இதையும் கவனிங்க, அதுக்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது.

அறிகுறி 8: போட்டோ, டாக்குமென்ட் எதுவும் திறக்கல, பேரு பின்னாடி புது வால்

ஒவ்வொரு ஃபோல்டர்லயும் "ரீட்மீ"ன்னு ஒரு ஃபைல் இருந்து காசு கேட்டுச்சுன்னா ரேன்சம்வேர், ஃபைலைப் பூட்டி வச்சுட்டு சாவிக்குக் காசு கேக்கிற வைரஸ். நெட்டைப் பிடுங்குங்க. பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டியிருந்தா கழட்டுங்க, புதுசா எதையும் மாட்டாதீங்க, அதுவும் பூட்டிக்கும். காசு கட்டாதீங்க, கட்டினாலும் சாவி வரும்னு யாரும் சொல்ல முடியாது.

போன்ல இருந்து நோ மோர் ரேன்சம்ங்கிற சைட்டைப் பாருங்க, யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் ரெண்டு ஆன்டிவைரஸ் கம்பெனியும் சேர்ந்து 2016ல ஆரம்பிச்சது. பூட்டின ஃபைல் ஒண்ணையும் அந்த மிரட்டல் நோட்டையும் வேற நல்ல சிஸ்டத்துல இருந்து ஏத்தினா எந்த ரகம், இலவச சாவி இருக்கான்னு சொல்லும். எல்லா ரகத்துக்கும் சாவி கிடையாது. இல்லைன்னாலும் பூட்டின ஃபைலை அழிக்காதீங்க, ஒரு டிஸ்க்ல போட்டு வைங்க, வருஷம் கழிச்சு சாவி வெளிய வந்ததும் உண்டு. கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகியிருந்தா பழைய வெர்ஷன் 30 நாள் வரைக்கும் இருக்கும், "மேனேஜ் வெர்ஷன்ஸ்"ல பாருங்க, கூகுள் போட்டோஸையும் போன்ல திறந்து பாருங்க.

இதுல ஆள் எப்ப வேணும்னு கேள்வியே இல்ல, உடனே. சைபர் கிரைம் புகாரும் கொடுங்க. ஆனா கடைக்காரர்கிட்ட முதல் வார்த்தையே "பார்மட் பண்ணாதீங்க"ன்னு இருக்கட்டும்.

கடைக்குத் தூக்கிட்டுப் போறப்ப

என்ன நடந்துச்சு, என்னிக்கு, எந்த ஃபைல், ஸ்கேன்ல என்ன பேரு வந்துச்சு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. "ஸ்லோவா இருக்கு, வைரஸ் போல"ன்னு மட்டும் சொன்னா அவங்களுக்கு வேற வழி இல்ல, பார்மட்தான் பண்ணுவாங்க.

எந்தெந்த ஃபோல்டர் வேணும்னு நீங்களே திறந்து காட்டுங்க, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ். காப்பி எடுத்ததும் அங்கயே உக்காந்து நாலு போட்டோவைத் திறந்து பாருங்க, அப்புறம் பார்மட்டுக்கு சரின்னு சொல்லுங்க. காப்பியில இஎக்ஸ்இ ஃபைல் எதுவும் வர வேண்டாம், பழைய சாஃப்ட்வேர் செட்டப்பை எல்லாம் விட்டுடுங்க.

விண்டோஸோட வாங்கின லேப்டாப்னா லைசென்ஸ் அந்த மெஷின்லயே பதிஞ்சிருக்கும், மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து எடுத்த விண்டோஸைப் போட்டு நெட் கொடுத்தா தானா ஆக்டிவேட் ஆகும், கிராக் வேண்டியதே இல்ல. 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு புதுசா வாங்கிட்டுப் போயி அதுல அந்த விண்டோஸ் செட்டப்பை ஏத்தி, அதுல இருந்தே போடச் சொல்லுங்க. புது விண்டோஸ் 11 லேப்டாப்ல டிஸ்க் பூட்டி இருக்கும், அந்தப் பூட்டைத் திறக்கிற பிட்லாக்கர் கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கான்னு போன்ல பார்த்து எழுதிக்கிட்டுப் போங்க, அது இல்லாம டிஸ்க்கைக் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டினா உள்ள இருக்கிறது எதையும் எடுக்க முடியாது.

டீச்சரம்மாவோட டிஸ்க்கை மதுரையில டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட அனுப்பினோம், அவங்க வீட்டுக்காரர் வீடியோ ரெண்டு திரும்பக் கிடைச்சுது, கல்யாண போட்டோ கிடைக்கல. புது விண்டோஸ் மேல எழுதின இடத்துல இருந்ததை எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் தெரியாம பார்மட் ஆகிப்போச்சுன்னா அந்த டிஸ்க்ல அதுக்கு மேல ஒரு ஃபைல் கூட ஏத்தாதீங்க, உடனே கழட்டி வைங்க.